ஒரு ஸ்டார் விழுந்த கடைக்கு முதல் செலவு எது?

கேள்வி: காங்கேயத்தில் ஆறு வருடமாக மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறேன். தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறோம். போன மாதம் ஒரு அம்மா எங்கள் கடலெண்ணெயில் சிக்கு வாடை அடிக்கிறது என்று இன்ஸ்டாகிராமில் ரீல் போட்டார். கூகுள் மேப்பில் ஒரு ஸ்டாரும் கொடுத்துவிட்டார். பாட்டிலை அவர் வெயிலில் வைத்திருப்பார் என்பது என் எண்ணம். கோவையில் ஒரு ஏஜென்சி, மாதம் 25,000 ரூபாய் கொடுத்தால் மூன்று மாதத்தில் பத்தாயிரம் ஃபாலோயர் கொண்டுவருவதாகச் சொல்கிறது. ஒரு யூடியூபர் ஒரு வீடியோவுக்கு 40,000 கேட்கிறார். அந்த அம்மாவுக்கு வக்கீல் நோட்டீஸ் விடச் சொல்கிறார் என் மச்சான். எதை முதலில் செய்யட்டும்?

பதில்: மச்சான் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த அன்று மாலையே அது அடுத்த ரீலாக வரும். சிக்கு வாடை பற்றிய ரீலை உங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் பார்த்திருப்பார்கள். 'குறை சொன்ன பெண்ணைக் கடைக்காரர் மிரட்டுகிறார்' என்ற ரீலை எண்ணெயே வாங்காதவர்களும் பார்ப்பார்கள்.

ஏஜென்சியும் யூடியூபரும் காத்திருக்கட்டும். விளம்பரம் பார்த்து ஒருவர் உங்கள் கடைப் பெயரைத் தேடினால், முதலில் கண்ணில் படப்போவது அந்த ஒரு ஸ்டாரும் அதன் கீழே பதிலே இல்லாத இடமும்தான். 40,000 ரூபாய் செலவழித்து ஆட்களை அங்கே கூட்டிப்போக வேண்டுமா?

இனி அந்த வாடைக்கு வருவோம். செக்கு ஓட்டுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, கடலெண்ணெய் சிக்கு அடிக்க வெயில் மட்டும் காரணமில்லை. பருப்பு பழசாக இருந்திருக்கலாம், சரியாகக் காயாமல் ஆட்டியிருக்கலாம், டின் அடியில் கிடந்த பழைய எண்ணெய்மேல் புதியதை ஊற்றியிருக்கலாம். 'அவர்தான் வெயிலில் வைத்திருப்பார்' என்று நீங்கள் முடிவுகட்டியது எதையாவது சோதித்துப் பார்த்த பிறகா, கோபத்திலா?

கேட்கக் காரணம் இருக்கிறது. 2003 அக்டோபரில் மும்பையில் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டுகளில் புழு இருப்பதாகப் புகார் கிளம்பியது. மகாராஷ்டிர அரசின் உணவு மருந்து நிர்வாகம் சரக்கைக் கைப்பற்றியது. கடைக்காரர்கள் சரியாக இருப்பு வைக்காததுதான் காரணம் என்பது நிறுவனத்தின் முதல் விளக்கம். அதில் உண்மை இருந்திருக்கலாம், ஆனால் கேட்டவர்கள் யாரும் சமாதானமாகவில்லை, விற்பனை சரிந்தது. நிறுவனம் பிறகு கடைகளில் இருப்பு வைக்கும் முறையைக் கண்காணிக்கத் தொடங்கியது. 2004 தொடக்கத்தில் சாக்லேட்டின் உறையையே மாற்றி, இறுக்கமாக ஒட்டிய அலுமினியத் தாளில் சுற்றியது. அமிதாப் பச்சன் விளம்பரத்துக்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். அவர் முகம் உதவியது உண்மை. ஆனால் அந்த முகம் வந்து சொல்வதற்கு, 'இதை மாற்றியிருக்கிறோம்' என்று ஏதோ ஒன்று நிறுவனத்தின் கையில் இருந்தது.

உங்கள் கையில் என்ன இருக்கிறது? அந்த பாட்டிலின் பேட்ச் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதே நாள் ஆட்டிய எண்ணெயில் ஒரு பாட்டில் கடையில் இருந்தால் திறந்து முகர்ந்து பாருங்கள். இல்லையென்றால் இன்று முதல் ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் ஒரு சிறிய பாட்டிலை எடுத்துத் தேதி எழுதி, விற்காமல் அலமாரியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் குறை சொன்னாலும் எடுத்துப் பார்த்துப் பேசலாம். நான் பல கடைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். செய்தவர்கள் குறைவு, செய்தவர்கள் யாரும் விட்டதில்லை.

பிறகு கூகுளில் அந்த ஒரு ஸ்டாருக்குக் கீழேயே பதில் எழுதுங்கள். எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதலாம்:

"வணக்கம்ங்க. எண்ணெயில் வாடை வந்தது எங்களுக்கு வருத்தம். பாட்டிலில் இருக்கும் பேட்ச் எண்ணைச் சொன்னீங்கன்னா, அதே நாள் ஆட்டின எண்ணெயை நாங்களும் திறந்து பார்க்கிறோம். வேற பாட்டில் வேணும்னாலும் சரி, பணம் திருப்பி வேணும்னாலும் சரி, கடை நம்பருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

வெயில், மச்சான், ஆறு வருடப் பாரம்பரியம் எதுவும் இதில் வேண்டாம். பணம் கொடுத்தபின் 'ரீலை எடுத்துவிடுங்கள்' என்று கேட்கவே கேட்காதீர்கள். அவராக எடுத்தால் நல்லது. சோதித்ததில் தப்பு உங்கள் பக்கம் என்று தெரிந்தால், என்ன மாற்றினீர்கள் என்பதை அதே இடத்தில் இரண்டு வரி சேருங்கள். இந்தப் பதில் அந்த அம்மாவுக்காக மட்டும் இல்லை, அடுத்து வந்து படிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு எச்சரிக்கை: சொந்தக்காரர்களை வைத்து ஐந்து ஸ்டார் ரிவ்யூ இருபது போடவைக்கும் ஆசை வரும். ஒரே வாரத்தில் 'சூப்பர்', 'அருமை' என்று வரிசையாக விழுந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுப்பதும் கூகுள் விதிப்படி கூடாது. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு கியூஆர் அட்டை வைத்து, 'எப்படி இருந்ததுன்னு எழுதுங்க' என்று எல்லாரிடமும் கேளுங்கள், திருப்தியானவரிடம் மட்டும் இல்லை.

யூடியூபருக்கு வருகிறேன். அவரிடம் சந்தாதாரர் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். பார்ப்பவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அவருடைய யூடியூப் ஸ்டுடியோ காட்டும், அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். பாதிப் பேர் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தால், ஒழுகாமல் கூரியரில் எண்ணெய் அனுப்ப உங்களிடம் ஏற்பாடு இருக்கிறதா? இல்லாமல் வீடியோ போட்டால், உடைந்த பாட்டில் ரீல்கள் வரும்.

காசு வாங்கிப் போடும் வீடியோ என்றால், அது விளம்பரம் என்று தெளிவாகத் தெரியவேண்டும். 2021-லேயே விளம்பரத் தரக் கவுன்சில் இதற்கு நெறிமுறை வகுத்துவிட்டது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் போடலாம். விளம்பரம் கொடுத்தவர், அதில் தோன்றிப் பரிந்துரைத்தவர் இருவரும் மாட்டலாம்.

உங்கள் தொழிலில் அந்த மாட்டல் பெரும்பாலும் வாயால் வரும். 'இந்த எண்ணெய் சாப்பிட்டால் சர்க்கரை குணமாகும்' என்று யூடியூபர் ஒரு ஃப்ளோவில் சொல்லிவிடுவார். குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது, சர்க்கரை நோயும் அந்தப் பட்டியலில் உண்டு. 'நூறு சதவீதம் சுத்தம்' என்பதையும் விடுங்கள். 'நூறு சதவீதம்' என்ற சொல்லை லேபிளிலும் விளம்பரத்திலும் தவிர்க்கச் சொல்லி 2025 மே மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. இன்னொன்று, டிரம்மிலிருந்து வாடிக்கையாளரின் தூக்குவாளியில் எண்ணெய் அளந்து ஊற்றும் காட்சி. கேமராவில் அழகாக இருக்கும், எல்லா யூடியூபரும் கேட்பார்கள். ஆனால் அரசு விலக்கு இல்லாமல் சமையல் எண்ணெயைப் பொட்டலமிடாமல் சில்லறையாக விற்பதை விதி தடுக்கிறது. உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே காசு கொடுத்துப் படம்பிடிக்க வேண்டாம்.

சரி, எதைத்தான் போடுவது? கவுண்டரில் ஒரு வாரம் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி எதற்குப் போடுகிறீர்கள்? பாட்டில் அடியில் மண்டி ஏன் நிற்கிறது? தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதே, கலப்படமா? ஒவ்வொன்றும் ஒரு நிமிட வீடியோ. உங்கள் செல்போனும், செக்குச் சத்தமும், உங்கள் கொங்குப் பேச்சும் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும் என்பதை மார்கழி பிறக்கும் முன்பே சொல்லிவிட்டால், மார்கழியில் வரும் பாதி போன் குறையும். சிக்கு வாடை ஏன் வருகிறது, எப்படி வைத்தால் வராது என்பதும் ஒரு வீடியோதான், ஆனால் அந்த அம்மா விவகாரம் ஓய்ந்தபிறகு. இப்போதே போட்டால் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும்.

பத்திரிகைக்கும் ஒரு வழி உண்டு. 'இரண்டாவது கிளை திறந்தோம்' என்பது உங்களுக்குச் செய்தி, நிருபருக்கு விளம்பரம். 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியபோது, ஏன் என்று புரியும்படி சொல்ல ஆள் தேடாத நிருபர் இல்லை. கொப்பரைச் சந்தை உங்கள் வாசலில் இருக்கிறது. உங்கள் பகுதி நிருபரிடம் நம்பர் கொடுத்து, 'கொப்பரை விலை பற்றி எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், எங்க கடையைப் போடவேண்டியதில்லை' என்று சொல்லிவிட்டு வாருங்கள். பெயர் தானாக வரும். இதற்குப் பைசா செலவில்லை.

இரண்டு மாதம் இப்படி ஓடியபின், எந்த வீடியோவைப் பார்த்துப் போன் வந்ததோ அதற்கு மட்டும், உங்கள் ஊரைச் சுற்றி 30 கிலோமீட்டருக்குள், நாளைக்கு 300 ரூபாய் வீதம் பத்து நாள் விளம்பரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஆள் வைத்துச் செய்யவேண்டும் என்று தோன்றினால் ஏஜென்சியைக் கூப்பிடலாம். பத்தாயிரம் ஃபாலோயர் என்று எழுதியிருக்கும் வரியை அடித்துவிட்டு, மாதம் எத்தனை விசாரிப்பு என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. சம்மதித்தால், பக்கமும் விளம்பரக் கணக்கும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில் மட்டுமே திறக்கவேண்டும், அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும். கணக்குத் தீர்த்து அனுப்பிய ஏஜென்சியிடமிருந்து சொந்தக் கடையின் பக்கத்தை மீட்க ஐந்து மாதம் அலைந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். கடைசியில் அவர் புதுப் பக்கம்தான் தொடங்கினார்.