எல்லாம் தெரிகிறது டாக்டர், தொடங்கத்தான் முடியவில்லை

கேள்வி: எனக்கு 29 வயது. மண்டபத்தில் ஓர் இறால் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. பங்குனியில் பரிசோதித்தபோது எனக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1 வந்தது. அன்றிலிருந்து உணவுமுறை, உடற்பயிற்சி, தன்னம்பிக்கை என்று யூடியூபில் நான் பார்க்காத வீடியோ இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனியில் வேலை குறைவு, அப்போது ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். அந்த இரண்டு மாதமும் இரவு ஒரு மணி வரை வீடியோ பார்த்தே போய்விட்டது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா’ என்று அப்பா ஏசுகிறார். எனக்கு என்ன கோளாறு? இதற்கு மருந்து உண்டா?

பதில்: இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன், தம்பி. சோம்பேறி யாரும் நள்ளிரவு வரை விழித்திருந்து குறிப்பெடுப்பதில்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த நோட்டுப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். 4.30-க்கு எழுவது, பச்சைத் தண்ணீர்க் குளியல், தியானம், 45 நிமிட ஓட்டம், வெந்தயத் தண்ணீர், 16 மணி நேரம் பட்டினி என்று கீழே கீழே போகிறது பட்டியல். முதல் தேதிக்கு நேராக மட்டும் ஒரு டிக். மற்ற கட்டமெல்லாம் காலி. இவ்வளவையும் ஒரே நாளில் தொடங்கு என்று சொன்னால் என்னாலும் முடியாது, உங்களை ஏசுகிற அப்பாவாலும் முடியாது.

நடப்பது என்னவென்றால், 6.1 என்ற எண் உங்களைப் பயமுறுத்துகிறது. இரவில் அந்தப் பயம் கூடுகிறது. போனை எடுக்கிறீர்கள். ஒருவர் தெளிவாக, உறுதியாகப் பேசுகிறார். கேட்டதும் நெஞ்சு லேசாகிறது, நாளைக்கு நானும் செய்துவிடுவேன் என்று தோன்றுகிறது, அந்த நிம்மதியில் தூங்கிவிடுகிறீர்கள். உங்களை எழுப்பி நடக்க வைத்திருக்க வேண்டிய பயத்தை வீடியோ ஆற்றிவிட்டது. உடம்பில் ஒன்றும் மாறவில்லை. மறுநாள் இரவு மறுபடியும் அதே பயம், அதற்கு இன்னொரு வீடியோ.

பார்ப்பது, செய்யத் தெரிந்துவிட்டது போன்ற எண்ணத்தையும் கொடுத்துவிடும். அமெரிக்காவில் கார்டாஸ், ஓ’பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரு வித்தையை வீடியோவில் ஒரே தடவை பார்த்தவர்களைவிட 20 தடவை பார்த்தவர்கள் ‘எனக்கும் வரும்’ என்று அதிகம் நம்பினார்கள். செய்து காட்டச் சொன்னபோது, அதிகம் பார்த்ததால் யாரும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்துவிடவில்லை.

இப்போது உங்கள் எண்ணுக்கு வருகிறேன். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் முன்நிலை. இந்த நிலையிலிருந்து திரும்பி வர முடியும். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முன்நிலையில் இருந்தவர்களைச் சாப்பாட்டைச் சீர்செய்யவும் தினமும் அரை மணி நேரமாவது நடக்கவும் வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில், வெறும் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது சுமார் 28 சதவீதம் குறைந்தது. நடை, சாப்பாடு, அவ்வளவுதான். இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் சொல்கிறேன், அடுத்த மூன்று மாதத்துக்கு உடல்நலம் பற்றியோ தன்னம்பிக்கை பற்றியோ ஒரு வீடியோவும் வேண்டாம். தெரிந்துகொள்ள வேண்டியதை நீங்கள் தெரிந்துகொண்டாயிற்று.

அந்த நோட்டை மூடி வையுங்கள். நான் எழுதிக் கொடுப்பது ஒரே ஒரு வேலை. இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும், மறுபடி உட்காராமல், செருப்பை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடக்க வேண்டும். போன் வீட்டிலேயே இருக்கட்டும். சாப்பிட்டவுடன் நடந்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொள்ளும். நம் வெயிலுக்கும் அந்த நேரம்தான் தோது. கச்சான் காற்று அடித்து மண்ணை வாரிக் கொட்டுகிற நாளில் வீட்டு வாசலிலேயே குறுக்கும் நெடுக்கும் நடங்கள்.

‘கை கழுவியதும்’ என்று குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘தினமும் நடப்பேன்’ என்று பொதுவாக முடிவெடுப்பவர்களைவிட, ‘இது முடிந்ததும் இதைச் செய்வேன்’ என்று முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் சொன்னதை அதிகம் செய்து முடிக்கிறார்கள். கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இது. 94 சோதனைகளைத் தொகுத்து 2006-இல் வெளியான ஆய்வும் இதையே உறுதிசெய்தது.

வீடியோக்களில் சொல்கிற 21 நாள் கணக்கை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்றும் கணக்கிட்டார்கள். தடைக்காலமே 61 நாள், யோசித்துப் பாருங்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரு நாள் தவறினால் மறுநாள் நடங்கள், புது நோட்டு வாங்காதீர்கள்.

பத்து நிமிடம் சிரமமில்லாமல் வந்த பிறகு அதை அரை மணி ஆக்கலாம். சோற்றின் அளவைக் குறைத்து மீனும் காயும் கூட்டுவதை அதற்கடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் தூக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு மணிக்குப் படுத்து விடியலில் எழுந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, மறுநாள் பசியும் அதிகமாகும். பத்தரைக்குப் போனை வேறு அறையில் சார்ஜுக்குப் போடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் உங்களிடம் நேரில் கேட்க முடியாததால் எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, கம்பெனி வேலையே மலையாகத் தெரிகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஓயவில்லை என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு குறைந்தாலும் ரத்தச்சோகை இருந்தாலும் இதே அசதி வரும், அதையும் பரிசோதிக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றதும் நம் மாவட்டத்தில் பலருக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வருகிறது. 2001-இல் அங்கே சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்த துயரம் இன்னும் மறையவில்லை. அந்த அச்சத்தில் யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கவலை. இன்று ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காய்ச்சலுக்குப் போவதுபோலப் போய் மருந்து வாங்கி வரலாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே அழையுங்கள்.

மாத்திரை உங்களுக்கு இப்போது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி எடுத்து, முடிவைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பாவையும் இரவில் உங்களோடு நடக்கக் கூப்பிடுங்கள். ஆனால் அவரை வெறுங்காலில் மணலில் நடக்க விடாதீர்கள். சர்க்கரை உள்ளவருக்குப் பாதம் மரத்துப்போயிருந்தால் சிப்பி கிழித்தாலும் தெரியாது. திரும்பி வந்ததும் அவருடைய உள்ளங்கால், விரலிடுக்கு இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னக் கீறல் இருந்தாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.