சின்ன பார்லரில் மிதவைத் தொட்டி வைக்கலாமா? டெல்டாவில் ஆள் வரும், கட்டிடம்தான் தாங்காது

கேள்வி: கும்பகோணம் பக்கம் சிறிய பியூட்டி பார்லர் நடத்துகிறேன். ஃப்ளோட்டேஷன் தெரபியும் (உப்புத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவது) சேர்க்கலாம் என்று யோசனை. நம் ஊரில் எடுபடுமா?

எனக்கு முன்னால் பதில் எழுதியவர், “டெல்டாவில் இதெல்லாம் எடுபடாது, புருவம் எடுக்கவே யோசிக்கிற ஊர்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் மன்னார்குடியில் பல வருஷமாகப் பார்லர் நடத்துகிறேன். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எது வேண்டும், எதற்குக் காசு கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆள் வரும். நீங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதற்கு உங்கள் கட்டிடமோ தண்ணீரோ காரணமாக இருக்கட்டும். ஜனங்கள் மேல் பழி போட வேண்டாம். 23 ஏக்கரில் ஹரித்ராநதி தெப்பக்குளத்தை வைத்துக்கொண்டிருக்கிற ஊருக்கு மிதக்கிற சுகத்தை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஓர் ஆள் படுக்கிற அளவு மூடிய தொட்டி. அதில் ஓரடி ஆழத்துக்குத் தண்ணீர், சுமார் ஆயிரம் லிட்டர். அதில் ஐந்நூறு கிலோ வரை எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், கரைத்திருப்பார்கள். தண்ணீர் அவ்வளவு கனமாகிவிடுவதால் உடம்பு மூழ்காது. சூடு நம் தோலின் சூட்டை ஒட்டி, 34, 35 டிகிரி செல்சியஸில் இருக்கும். வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை, ஒரு மணி நேரம். 1954-ல் அமெரிக்காவில் ஜான் லில்லி என்ற மருத்துவர், வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் வராவிட்டால் மூளை என்ன செய்யும் என்று பார்க்க ஆரம்பித்தது இது. உப்புப் போட்டு மல்லாந்து மிதக்கிற இப்போதைய முறை அதற்கு வெகுநாள் கழித்து வந்தது.

என் அக்கா மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் என்னை ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனாள். குளித்துவிட்டு, காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு உள்ளே இறங்கியதும் முதலில் எரிந்தது என் ஆள்காட்டி விரல். த்ரெட்டிங் செய்பவர்களுக்குத் தெரியும், நூல் ஓடி ஓடி விரலில் ஒரு கோடு விழுந்திருக்கும், முகூர்த்த மாதத்தில் அது அறுந்தே போகும். அந்தக் கோட்டில் உப்பு ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்து வாஸ்லின் வாங்கித் தடவிக்கொண்டு மறுபடி இறங்கினேன். அப்புறம் கழுத்து. நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிற கழுத்து, தண்ணீர் தாங்குகிறது என்று தெரிந்தும் தலையை விடவே மாட்டேன் என்றது. “மேடம், தலையை விடுங்க, ஒண்ணும் ஆகாது” என்று அங்கே வேலை பார்க்கிற பெண் முன்னாலேயே சொல்லித்தான் அனுப்பினாள். வெகுநேரம் கழித்துத்தான் விட்டது. விட்ட பிறகு என் நெஞ்சுத் துடிப்பு எனக்கே கேட்டது. வெளியே வந்து சட்டென்று பேச்சு வரவில்லை. நல்ல விஷயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த விரல்தான் என்னை யோசிக்க வைத்தது. நம் பார்லரில் நாம் செய்வது என்ன? வேக்சிங், த்ரெட்டிங், ப்ளீச், டை, மருதாணி, ஸ்ட்ரெய்ட்டனிங். வேக்சிங் செய்த அன்று அந்தத் தொட்டியில் இறங்கவே கூடாது, கால் முழுக்க எரியும். டையோ மருதாணியோ போட்டு அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை இறக்கக் கூடாது, சாயம் இறங்கினால் தொட்டித் தண்ணீர் மொத்தமும் பாழ். ஒவ்வொரு ஆளுக்கும் புதுத் தண்ணீர் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதே தண்ணீரைத்தான் வடிகட்டி, புற ஊதா விளக்குக்குள் ஓட்டி, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றது சேர்த்து அடுத்தவருக்குத் தருகிறார்கள். ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த தலையை இவ்வளவு உப்பில் ஊறவைக்க எந்த ப்யூட்டிஷியனும் சம்மதிக்க மாட்டார். ஆக, இருக்கிற வாடிக்கையாளரை அதே நாளில் தொட்டிக்கு அனுப்பி இரட்டை பில் போடலாம் என்ற கணக்கு பெரும்பாலும் நடக்காது. தொட்டி விற்பவர்கள் சொல்வது அந்தக் கணக்கைத்தான்.

உங்கள் பார்லரும் மாடியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பக்கம் லேடீஸ் பார்லர் என்றால் கீழே மெடிக்கலோ ஜவுளிக்கடையோ, ஓரமாக ஒரு செங்குத்துப் படிக்கட்டு, மேலே நாம். தொட்டி விற்கிற ஒருவரிடம் எடையைக் கேட்டபோது காலித் தொட்டியின் எடையைத்தான் சொன்னார். தண்ணீரும் உப்பும் சேர்ந்தால் ஒன்றரை டன், இதற்கு மேல் தொட்டி, பம்ப், உள்ளே படுக்கிற ஆள். வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்ற கணக்கில் கட்டுவார்கள். இது அதைப் போல இரண்டு மடங்கு வரும். “நீ என்ன இன்ஜினியரா?” என்று யாராவது கமென்டில் கேட்பார்கள். இல்லை. இன்ஜினியரைக் கூட்டிவந்துதான் பார்த்தேன். அவர் மேலே அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, கீழே மெடிக்கலுக்குள் போய்க் கூரையைப் பார்த்தார். தேக்குக் கட்டை குறுக்கே போட்டுச் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ். “அம்மா, இதுல நீங்க இப்ப வெச்சிருக்கிற தண்ணி டேங்கே ஜாஸ்தி” என்றார். கும்பகோணத்தில் பழைய கடைத்தெருக் கட்டிடங்கள் பலவும் இப்படித்தான். முதலில் கீழே போய் அண்ணாந்து பாருங்கள்.

உப்பு விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு என்று தோன்றும், ஏமாறாதீர்கள். என் அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, “மெக்னீசியம் சல்பேட்டா? தென்னைக்கு வைக்கிறதுதானே, உரக்கடையில மூட்டை மூட்டையா கிடக்கே” என்றான். உண்மைதான், ஓலை மஞ்சளித்தால் வைக்கிற அதே சரக்கு. ஆனால் உரத்துக்கு வருவதில் மண்ணும் கசடும் இருக்கும், மனுஷத் தோலுக்கு மருந்துத் தரத்தில் உள்ளதைத்தான் வாங்க வேண்டும், விலை வேறு. வேதாரண்யம் உப்பைக் கொட்டலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. சாப்பாட்டு உப்பு தோலை வறட்டும், காந்தும், அதற்காகத்தான் எல்லோரும் எப்சமுக்குப் போகிறார்கள். சரி, வாங்கிவிட்டீர்கள். என்றைக்காவது அந்தத் தண்ணீரை மாற்ற வேண்டும். ஐந்நூறு கிலோ உப்பை எங்கே விடுவீர்கள்? தென்னைக்குக் கைப்பிடி கணக்கில் போடுவது உரம். அதையே மொத்தமாகக் கொல்லையில் விட்டால் பக்கத்து வீட்டுக் கைபம்பு தண்ணீர் வாயில் வைக்க முடியாது. எந்தக் கம்பெனிக்காரரும் தானாக வந்து இதைப் பற்றிப் பேசியதில்லை.

அப்புறம் கரண்ட். ஹீட்டர் நின்றால் தண்ணீர் ஆறிவிடும், பம்பும் புற ஊதா விளக்கும் நின்றால் தண்ணீர் சுத்தமாகாது. அரைமணி நேர மின்வெட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். கடலோர மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

நீங்கள் இதை ஏன் யோசிக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை, அந்த இரண்டு மாதமும் வாடகை மட்டும் நிற்காது. தை அறுவடை முடிந்து கையில் காசு புரளும்போது வருகிற கல்யாணங்களை வைத்துத்தான் வருஷத்தை ஓட்டுகிறோம். அதிலும் இப்போது மண்டபங்கள் கை வைத்துவிட்டன. மண்டபத்தோடு சேர்த்து மேக்கப், பூ, டெக்கரேஷன் எல்லாம் பேக்கேஜ் என்கிறார்கள். பெண் வீட்டார் நம்மைத்தான் வேண்டும் என்று கேட்டாலும், வெளி ஆள் உள்ளே வந்து அலங்காரம் செய்ய தனியாகப் பணம் கட்டு என்கிறார்கள். வயசுக்கு வந்த சடங்கிலிருந்து நான் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, அவள் முகூர்த்தத்தன்று முகம் தெரியாத ஒருவர் வந்து ஒரே சிவப்பாகப் பூசிவிட்டுப் போகிறார். அந்தப் பெண்ணுக்கு எந்த ஃபவுண்டேஷன் அரிக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா? பார்லர்காரர்கள் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பார்கள், சம்பந்தம் இருக்கிறது. இந்த வருமானம் போவதால்தான் நாம் தொட்டி, மெஷின் என்று தேடிப் போகிறோம்.

நான் கடைசியில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஃபேஷியல் பெட்டில் பேக் போட்டதும் தூங்கிவிடுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். டீச்சர், நர்ஸ், பேங்கில் இருப்பவர், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர். அவர்கள் முகப் பளபளப்புக்கு மட்டும் வருவதில்லை. “அம்மா எங்கே”, “சாவி எங்கே” என்று யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரத்துக்கு வருகிறார்கள். பெங்களூர் தொட்டியில் நான் கண்டதும் அதுதான். அதனால் பின்னறையை மட்டும் தனியாகப் பிரித்தேன். கதவிடுக்கில் ரப்பர் பட்டை, ஜன்னலுக்குக் கனமான திரை, ஹேர் ட்ரையர் அந்தப் பக்கம் வராது, போன் வெளியே கூடையில். வெந்நீரில் எப்சம் உப்புப் போட்டுக் கால் ஊறவைப்பேன், நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தலைக்குத் தடவி இதமாகப் பிடித்துவிடுவேன், அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். நான் பேச மாட்டேன், அவர்களும் பேச வேண்டாம். ஃபேஷியலுக்கு வாங்குகிற அதே பணம் வாங்குகிறேன். யாரும் பேரம் பேசவில்லை. போன ஆடி மாதம் அந்த அறை சும்மா கிடக்கவில்லை. எங்கள் ஊரில் எடுபடாது என்று எழுதியவர் இதைப் படிக்கட்டும்.

கும்பகோணத்தில் போட்டி வரக் கூடாது என்று பயமுறுத்துகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். உங்களுக்குத் தரைத்தளத்தில் தனி வீடு, உள்ளேயே குளியலறை, பஸ் சத்தம் இல்லாத தெரு, கையில் கடன் இல்லாத பணம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், முதல் ஆளாக நான் வருவேன். ஆனால் அதைத் தனித் தொழிலாக நடத்துங்கள், பார்லருக்குள் ஒரு மூலையில் வேண்டாம். போர்டில் “மூட்டுவலி, தூக்கமின்மை குணமாகும்” என்று எழுதாதீர்கள். 2018-ல் அமெரிக்காவில் துல்சா நகரத்தில் பதற்றமும் மன அழுத்தமும் உள்ள 50 பேரை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள், ஒரு மணி நேரத்தில் பதற்றம் நன்றாகக் குறைந்தது. ஆனால் அதே தொந்தரவு உள்ள, மிதக்காத வேறு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காத சோதனை அது. இதமாக இருக்கும் என்று சொல்லுங்கள், வருகிறவர்கள் அதை நம்புவார்கள்.

பணக்கணக்கில் ஒன்று. நீங்கள் ஜிஎஸ்டி கட்டுபவர் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைக்கு 18 சதவீதம் 5 ஆகிவிட்டது, ஆனால் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. தொட்டி வாங்கும்போது கட்டுகிற வரி அப்படியே உங்கள் தலையில். கொட்டேஷன் கேட்கும்போது வரியோடு மொத்த விலை, நிரப்பிய எடை, உப்பின் தரம், ஃபில்டர் மாற்ற யார் வருவார், எங்கிருந்து வருவார் என்று எழுத்தில் வாங்குங்கள். மன்னார்குடி பக்கம் வந்தால் மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள், கூட்டம் இருக்காது, என் பின்னறையைக் காட்டுகிறேன்.