பேரன் எதிரே பாட்டி எப்படிப் பேசுவார்?

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கம். அமெரிக்காவில் செயின்ட் பால் நகரில் ஒரு கிளினிக்கில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். லாவோஸ் மலைப்பகுதியிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மோங் இனத்தைச் சேர்ந்த, 70 வயது தாண்டிய பாட்டி ஒருவர் வருகிறார். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மனச்சோர்வைக் கண்டறியும் 9 கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்கிறார். பள்ளியில் படிக்கும் பேரன்தான் மொழிபெயர்க்கிறான். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மணிக்கட்டு நிறைய வெள்ளை நூல். சனிக்கிழமை வீட்டில் பூசாரி வந்து சடங்கு செய்யப்போகிறாராம். தடுக்கவா, கண்டும் காணாமல் விடவா? வேப்பிலை அடிப்பதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தான் நான். இருந்தும் இவரை நெருங்க முடியவில்லை.
– பெயர் வேண்டாம், மினசோட்டா

பதில்: சடங்கை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பேரனை வெளியே உட்கார வையுங்கள்.

பையன் மேல் குற்றமில்லை. உங்கள் தாளின் 9-வது கேள்வி, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பது. அதைத் தன் பாட்டியிடம் கேட்க எந்தப் பையனுக்கு நாக்கு எழும்? கேட்டாலும், ‘ஆமாம்’ என்று எந்தப் பாட்டி பேரனிடம் சொல்வார்? உங்களுக்குக் கிடைத்த ‘இல்லை’களில் பாட்டி சொன்னது எத்தனை, பையனே சொன்னது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அவசர நேரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பதுதான் அங்கே மருத்துவமனைகளுக்கான மத்திய விதி. பயிற்சி பெற்ற ஹ்மோங் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பெண்ணாக இருந்தால் நல்லது. அந்த மொழிபெயர்ப்பாளர் எந்தக் குலம் என்றும் முன்பே விசாரியுங்கள். அமெரிக்க ஹ்மோங் மக்கள் 18 குலங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். குலப்பெயர் ஒன்றென்றால் உறவு. வீட்டு விஷயம் வெளியே போய்விடுமோ என்று பாட்டி வாயைத் திறக்கமாட்டார்.

அடுத்து, அந்தத் தாளை மூடி வையுங்கள். ஹ்மோங் மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையே 1950-களில் வந்ததுதான். அந்த வயதுப் பெண்கள் பலர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ‘கடந்த இரண்டு வாரத்தில் சில நாளா, பாதி நாளுக்கு மேலா’ என்றால் என்ன சொல்வார்கள், பாவம்.

ஈரலைப் பற்றிக் கேளுங்கள். ஹ்மோங் மொழியில் மனசு இருக்கும் இடம் அதுதான். ‘ஷியா’ என்பார்கள். நல்ல ஈரல் என்றால் சந்தோஷம், நீள ஈரல் என்றால் பொறுமை, குட்டை ஈரல் என்றால் முன்கோபம். ‘ஞுவா ஷியா’, அதாவது ஈரல் கஷ்டப்படுகிறது என்பதில் கவலை, துக்கம், தவிப்பு எல்லாம் அடக்கம். நமக்கு ‘ஈரக்குலை நடுங்குது’ என்று ஒன்றிரண்டு பேச்சு இருக்கிறது. அவர்களுக்கு மொத்த மனசும் அங்கே. அதற்காக வயிற்றுவலி என்று சொன்னால் அதையும் மனசுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உடம்பையும் சோதிக்கத்தான் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த வேப்பிலை வரிதான். ஒத்துப்போகிற விஷயங்கள் உண்டு, நிஜம். பயந்து போனால் உயிர் உடம்பை விட்டுப் போய்விடும் என்று நம்புவார்கள். அதைக் கூப்பிட்டுச் சேர்ப்பது ‘ஹூ ப்ளீ’. சேர்ந்த உயிர் மறுபடி போகாமலிருக்கத்தான் மணிக்கட்டில் நூல். ஆனால் வரப்போகிறவர் நம் ஊர்ச் சாமியாடி மாதிரி இல்லை. சாமியாடி மேல் சாமி இறங்கும். ஹ்மோங் பூசாரியோ முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, பெஞ்சைக் குதிரையாக்கி, தானே மறு உலகத்துக்குப் போய் உயிரைத் தேடுவார். வேப்பிலைக் கணக்கில் இதைப் பார்த்தால் பாதியைத் தவறவிடுவீர்கள். (ஹ்மோங்கில் கிறிஸ்தவர்களும் ஏராளம் என்பது வேறு.)

உயிர் எங்கே பயந்தது என்பதும் முக்கியம். லாவோஸில் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக நடத்திய ரகசியப் போரில் ஹ்மோங் ஆண்கள் சண்டையிட்டார்கள். 1975-ல் அமெரிக்கா வெளியேறிய பின், உயிர் பிழைக்க மெகாங் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்து முகாம்களுக்கு ஓடினார்கள். உங்கள் பாட்டி அப்போது இளம்பெண். முகாமில் பெண்கள் துணியில் பூத்தையலாக இந்தக் கதையையே தைத்தார்கள்: மேலே விமானம், நடுவில் துப்பாக்கிக்காரர்கள், கீழே மூங்கிலைக் கட்டிக்கொண்டு ஆற்றில் மிதக்கும் ஆட்கள். அப்படியொரு துணி வீட்டில் இருந்தால், கொண்டுவர அவருக்கு மனமிருக்கிறதா என்று கேளுங்கள். கதையைக் கிளறாதீர்கள். அவர் விரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள், போதும்.

சரி, சடங்கு. தடுக்காதீர்கள். கண்டும் காணாமல் விடுவது அதைவிட மோசம். கலிபோர்னியாவில் மெர்செட் நகர மருத்துவமனை ஒன்று, 2009 வாக்கில், வார்டுக்குள்ளேயே 9 வகைச் சடங்குகளுக்கு அனுமதி கொடுத்து விதியே எழுதியது. நீங்கள் வீட்டில் நடப்பதற்கு ஏன் யோசிக்கிறீர்கள்? என்ன சடங்கு, பாட்டி என்ன சாப்பிடுவார், பச்சிலை மருந்து உண்டா என்று கேளுங்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்பதையும் அதே மூச்சில், திட்டாமல் கேளுங்கள். மீண்டும் தொடங்குவதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அந்த 9-வது கேள்வியை மட்டும் விட்டுவிடக் கூடாது. கெட்டதை முகத்துக்கு நேரே சொன்னால் அதுவே வந்துவிடும் என்ற பயம் பல ஹ்மோங் பெரியவர்களுக்கு உண்டு. அதனால், “ஈரல் இவ்வளவு கஷ்டப்படும்போது சிலருக்கு இனி இருக்க வேண்டாம் என்று தோன்றும், உங்களுக்கு எப்படி?” என்று ஆரம்பியுங்கள். ‘ஆமாம்’ என்றால் சனிக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே உங்கள் அவசர நடைமுறை. அவர் சம்மதித்தால், வீட்டில் முடிவெடுக்கும் பெரியவரையும் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை அவர் வரும்போது, எதையும் கேட்பதற்கு முன் மணிக்கட்டைக் காட்டி, இதை யார் கட்டியது, இதை யார் கட்டியது என்று ஒவ்வொரு நூலாகக் கேளுங்கள். உயிரைக் கூப்பிடும் சடங்கில் வந்தவர்கள் ஆளுக்கொரு நூல் கட்டுவார்கள். யார் வரவில்லை என்பதும் பேச்சோடு பேச்சாக வந்துவிடும்.