எட்டுக் குதிரைச் சக்தியில் நெடும்பயணம்: கேள்வி பதில்

100 சிசி முதல் 160 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர் வண்டிகளைத் தொலைதூரப் பயணத்துக்கு ஏற்றபடி மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மெக்கானிக் கிடையாது. பத்து வருடம் ஸ்பிளெண்டரிலும் அதற்குப் பிறகு 150 சிசி யூனிகார்னிலும் ஊர் சுற்றியவன். வாங்கி மாட்டியவற்றில் பாதியைக் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். அந்தப் பரண்தான் என் தகுதிச் சான்றிதழ்.

கேள்வி (திண்டுக்கல்): அண்ணா, என்னிடம் ஸ்பிளெண்டர் பிளஸ் இருக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போக ஆசை. காற்றுத் தடுப்புக் கண்ணாடி, கூடுதல் விளக்கு, பக்கவாட்டுப் பெட்டிகள், அகல டயர், கிராஷ் கார்டு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை இருக்கிறபடியே 150 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள் தம்பி. எங்கே வலித்தது, எத்தனையாவது கிலோமீட்டரில் வலித்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் பொருள்களில் ஒன்றுகூட அந்தச் சீட்டில் இருக்கும் வலியைத் தீர்க்காது என்பது என் ஊகம்.

உங்கள் வண்டி 97.2 சிசி, சுமார் 8 குதிரைச் சக்தி. நீங்கள் மாட்டும் ஒவ்வொரு கிலோவையும் அந்த எட்டுதான் இழுக்க வேண்டும். உடம்பு வண்டியைத் தொடும் இடங்கள் மூன்று: சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட். செலவை அங்கே தொடங்குங்கள். மிச்சப் பணத்தில் புது செயின் செட், பிரேக் ஷூ, தேய்ந்திருந்தால் டயர். பெட்ரோல் டேங்கைப் பெரிதாக்கலாமா என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார். ஏறக்குறைய 10 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 60 என்றாலும் 600 கிலோமீட்டர். அதற்கு முன் உங்களுக்குப் பசித்துவிடும்.

கேள்வி (ஓசூர்): ஜெல் வைத்த சீட் கவர் வாங்கிப் போட்டேன். முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். அதற்குப் பிறகு பழைய சீட்டே தேவலாம் என்று ஆகிவிட்டது. ஏன்?

பதில்: ஏனென்றால் மெத்தென்று இருப்பதற்கும் சுகமாக இருப்பதற்கும் தொடர்பு குறைவு. உட்காரும்போது நம் எடையைத் தாங்குவது இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். மென்மையான ஃபோம் அந்த இடத்தில் மட்டும் நசுங்கி அடித்தட்டில் முட்டிவிடுகிறது. சுற்றியுள்ள ஃபோம் மேலெழும்பித் தொடையின் உட்புறத்தை அழுத்துகிறது. கால் மரத்துப்போவது அதனால்தான்.

முதல்முறை நானும் இதே தவற்றைச் செய்தேன். ஒரு கடையில் சோபாவுக்குப் போடுவதைப் போலத் தடித்த ஃபோம் வைத்துத் தரச் சொன்னேன். கேட்டதைச் செய்துகொடுத்தார்கள். வண்டி ஒன்றரை அங்குலம் உயர்ந்தது, முழங்கால் டேங்க்கைப் பிடிக்கவில்லை, விழுப்புரம் தாண்டுவதற்குள் எழுந்து நின்றபடி ஓட்டினேன். இரண்டாவது முறை, பஸ் சீட் தைக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் என்னை ஏறி உட்காரச் சொல்லி, சாக்பீஸால் என் இருபுறமும் கோடு போட்டார். பழைய ஃபோமைக் கத்தியால் சீவி, நான் உட்காரும் இடத்தைத் தட்டையாக்கினார். அரைத்த ஃபோமை அழுத்திச் செய்யும் கெட்டி ஃபோம் ஒன்று இருக்கிறது; அதை ஓர் அங்குலம் ஒட்டி, மேலே அரை அங்குலம் மட்டும் மென்மையானதை வைத்தார். கட்டைவிரலால் ஊன்றி அழுத்திக் காட்டினார்: "விரல் உள்ளே போகணும், தகரத்தைத் தொடக் கூடாது." சீட் தைக்க வேறு சூத்திரம் எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் சில. சீட் முன்பக்கம் சரியக் கூடாது. சரிந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்க்மீது போய் ஒட்டிக்கொள்வீர்கள். உட்காரும் இடத்துக்கு நடுவே தையல் வரக் கூடாது. ரெக்சினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மழையில் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, மூன்று நாள் ஈரச் சாக்கின்மேல் உட்கார வேண்டியிருக்கும். தடித்த தையல் உள்ள ஜீன்ஸையும் வீட்டில் விட்டுவிடுங்கள். பாதிப் பேரின் சீட் வலி உண்மையில் பேன்ட் வலி.

கேள்வி (கோவை): என் உயரம் 5 அடி. யூனிகார்னில் கால் முழுதாக ஊன்றவில்லை. ஷாக் அப்சார்பரை மாற்றி வண்டியைத் தாழ்த்தலாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக். பெண் என்பதால் எதையாவது சொல்லி அனுப்புகிறாரோ என்று சந்தேகம்.

பதில்: சந்தேகம் நியாயம், சகோதரி. பின்பக்கத்தைத் தாழ்த்தினால் வண்டி திரும்பும் விதம் மாறும், சைடு ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்று காற்றடித்தால் சாயும், பள்ளத்தில் மட்கார்டு இடிக்கும். சீட்டின் உயரத்தை விட்டுவிட்டு முன்பக்க அகலத்தைக் குறையுங்கள். தொடை விரியும் இடத்தில் இருபுறமும் ஒரு விரற்கடை ஃபோமைச் சீவினாலே கால் நேராக இறங்கும். அடிப்பாகம் தடித்த ஷூ ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு காலை முழுதாக ஊன்ற முடிந்தால் போதும்.

கேள்வி (மதுரை): 75 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிடுகின்றன. 100 சிசி வண்டி. இதற்கு மருந்து உண்டா?

பதில்: முதல் மருந்து 60. ஒற்றை சிலிண்டரில் ஒரே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் அடிக்கிறது. எதிர்த்திசையில் அடித்து அதைச் சமன்செய்ய இரண்டாவது பிஸ்டன் இல்லை. வேகம் இரட்டித்தால் அந்த உதறல் நான்கு மடங்காகும். சற்றுப் பெரிய எஞ்சின் சிலவற்றில் இதற்கென்றே எதிர் எடை வைத்த தண்டு ஒன்று சுழலும். சாதாரண 100 சிசியில் அதை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து, எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் வண்டி முழுவதும் நடுங்கும். பிறகு ஹேண்டில்பார் முனைகளில் எடை மாட்டலாம். அது அதிர்வை ஒழிக்காது. அதிர்வு உச்சமாகும் வேகத்தை இடம்மாற்றும். உங்கள் வண்டி 75இல் நடுங்கினால், எடை போட்ட பிறகு வேறு வேகத்தில் நடுங்கலாம். நீங்கள் ஓட்டாத வேகமாக அது அமைந்தால் அதிர்ஷ்டம். கடைசியாக, கைப்பிடியை இறுகப் பிடிக்காதீர்கள். முழங்கை நேராக விறைத்து நின்றால் உடம்பின் எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்குகிறது என்று பொருள்.

கேள்வி (திருச்சி): முதுகு வளைவதால் ஹேண்டில்பாரை உயர்த்த நினைக்கிறேன். கேபிள் எல்லாம் மாற்ற வேண்டுமா?

பதில்: ஓர் அங்குலம் உயர்த்துவதற்குப் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் ஒரு சோதனையைச் செய்யாமல் பட்டறையை விட்டுக் கிளம்பாதீர்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இடக்கோடி வரை திருப்புங்கள், பிறகு வலக்கோடி வரை. எஞ்சின் சத்தம் கொஞ்சமாவது ஏறினால் கேபிள் இழுபடுகிறது. கொண்டை ஊசி வளைவில் நீங்கள் திருப்பும்போது வண்டி தானாகவே பாயும். டிஸ்க் பிரேக் என்றால் அதன் குழாயும் விறைக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): முன்பக்கச் செயின் சக்கரத்தில் ஒரு பல் கூட்டினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாக ஓடும் என்கிறார்கள். போடலாமா? மனைவியும் உடன் வருவார்.

பதில்: சொல்வதில் பொய் இல்லை. 14 பல் இருக்குமிடத்தில் 15 வைத்தால், அதே வேகத்தில் எஞ்சினின் சுழற்சி ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். ஆனால் ஏற்றத்தில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவையும் அதே அளவு குறையும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கொல்லிமலை; 70 கொண்டை ஊசி வளைவுகள். இருவர், ஒரு பை, 100 சிசி, ஒரு பல் அதிகம் என்றால் பாதி வளைவுகளில் முதல் கியரைத் தேடுவீர்கள், மீதியில் உங்கள் மனைவி இறங்கி நடப்பார். தனியாக, சமவெளியில் மட்டும் ஓட்டுபவருக்கு இது நல்ல மாற்றம். உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): உயரமான காற்றுத் தடுப்புக் கண்ணாடி போட்டவர்கள் களைப்பே இல்லை என்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் வசித்துக்கொண்டு இந்தக் கேள்வியா! முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அங்கே வரும் பக்கக்காற்றுக்கு, ஹேண்டிலோடு பிணைத்த உயரக் கண்ணாடி ஒரு பாய்மரம். 110 கிலோ வண்டியின் ஹேண்டிலை அது பிடித்துத் திருப்பும். 60, 65இல் போகிறவருக்கு மார்பில் அடிக்கும் காற்று பெரிய தொல்லையும் இல்லை. வெயிலில் அது வேண்டும். ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு சாண் உயரமுள்ள சிறு தடுப்பு போதும். காதில் இரையும் சத்தம்தான் களைப்பு தருகிறது என்றால், அது ஹெல்மெட் பிரச்சினை.

கேள்வி (தஞ்சாவூர்): இரவில் ஸ்பிளெண்டர் வெளிச்சம் போதவில்லை. 55 வாட் ஃபாக் லைட் இரண்டு போடலாமா?

பதில்: உங்கள் ஹெட்லைட் 35 வாட். அதோடு 110 வாட் சேர்க்கப் பார்க்கிறீர்கள். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். இந்தச் சின்ன வண்டியின் மின்சார உற்பத்தி அதைத் தாங்காது, பேட்டரி இறங்கும். குறைந்த வாட் எல்.இ.டி. ஒரு ஜோடி, தனி ஃபியூஸ், ரிலே (சுவிட்ச்சுக்குப் பதிலாக விளக்கின் மின்சாரத்தைத் தாங்கும் கருவி), தனி சுவிட்ச் என்று போடுங்கள். இன்னொன்று: பழைய ஸ்பிளெண்டர்களில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராது, நேரே எஞ்சினிலிருந்து வரும். அதனால்தான் ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிச்சம் மங்குகிறது. அந்த வயரில் எல்.இ.டி.யை இணைத்துவிட்டு "மினுமினுக்கிறது" என்று வராதீர்கள். எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காதபடி தாழ்த்திக் கட்டுங்கள். எல்லாவற்றையும்விட மலிவான வழி, இருட்டுவதற்கு முன் அறை எடுத்துவிடுவது.

கேள்வி (கடலூர்): பைகளை எங்கே கட்டுவது?

பதில்: தாழ்வாக, உங்களுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக. பின்கேரியரின் நுனியில் 15 கிலோ வைத்தால் முன்சக்கரம் இலேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆடும். இருபுறமும் தொங்கும் துணிப்பைகள் நல்லவை. சைலன்சர் பக்கம் உருகாமல் ஒரு தகடு வைக்க வேண்டும். இலாஸ்டிக் கயிற்றின் நுனி தொங்கக் கூடாது. செயினில் சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சுமை ஏற்றிய பிறகு செயின் தளர்வையும் டயர் காற்றையும் மறுபடி பாருங்கள். எவ்வளவு காற்று என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்கிறது.

கேள்வி (வேலூர்): இதெல்லாம் சட்டப்படி சரியா? போலீஸ் பிடித்தால்?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றம் என்று சட்டம் சொல்வது வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தை. சீட்டுக்குள் இருக்கும் ஃபோம் அதில் வராது. வண்டியின் ஃபிரேமை வெட்டுவது, வேறு எஞ்சின் வைப்பது வரும். இரைச்சல் சைலன்சருக்குத் தனிப் பிரிவே இருக்கிறது; அது நெடும்பயணத்துக்கு எந்த விதத்திலும் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பை மாட்டுவதற்காகச் சேலை கார்டைக் கழற்றுகிறார்கள். அதுவும் விதிமீறல்தான், சேலை, துப்பட்டாவோடு யாராவது பின்னால் ஏறினால் உயிராபத்து.

கேள்வி (ராமநாதபுரம்): 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி எஞ்சினை ஆற வைக்க வேண்டுமாமே?

பதில்: காற்றில் குளிரும் எஞ்சின், வண்டி ஓடும்போதுதான் குளிர்கிறது. ரயில்வே கேட்டில் ஓடவிட்டபடி நிற்பதுதான் அதற்குக் கெடுதல். நிறுத்துங்கள், ஆனால் உங்களுக்காக. எஞ்சின் கேட்பதெல்லாம் தினமும் காலையில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே. உள்ளே இருப்பதே ஒரு லிட்டர் சுமாருக்குத்தான். கால் லிட்டர் குறைந்தாலும் பெரிய வண்டியைவிட இதற்கு வலிக்கும். தனுஷ்கோடி போய்வந்தால் செயினைத் துடைத்துப் புதிதாக எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்றும் மணலும் சேர்ந்து இரண்டு நாளில் வேலையைக் காட்டும்.

கேள்வி (சென்னை): வழி பார்க்கக் கைபேசியை ஹேண்டிலில் மாட்டலாமா?

பதில்: எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. சின்ன வண்டிக்கு அதிர்வைக் குறைக்கும் பிடிமானம் போடுங்கள் என்பது அவர்கள் யோசனை. நான் பழைய கைபேசி ஒன்றை மாட்டுகிறேன்.

கேள்வி (தேனி): கூடவே கொண்டுபோக வேண்டிய உதிரிபாகங்கள் என்னென்ன?

பதில்: டியூப் ஒன்று, டியூப் வைத்த பழைய ஸ்பிளெண்டரில் இரண்டு சக்கரமும் 2.75-18 என்பதால் ஒரே டியூப் இரண்டுக்கும் ஆகும். ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், செயினின் இரு முனைகளை இணைக்கும் செயின் லாக், ஆக்சிலரேட்டர் கேபிள். கிளட்ச் கேபிளை மட்டும் பையில் வைக்காதீர்கள். பழைய கேபிள் போகும் வழியிலேயே, அதை ஒட்டி, புதியதையும் முன்கூட்டியே இழுத்து வைத்து டேப்பால் கட்டிவிடுங்கள். இரு முனைகளிலும் பிளாஸ்டிக் சுற்றி வையுங்கள். ஹம்பி போகும் வழியில், சித்ரதுர்காவுக்கு அப்பால் ஒரு பெட்டிக்கடை வாசலில் எனக்குக் கேபிள் அறுந்தது. டேங்க்கைக் கழற்றவில்லை. இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டி, தளர்வைச் சரிசெய்து நிமிர்ந்தபோது, முதலில் சொல்லியிருந்த டீ அப்போதுதான் வந்தது.