ஆரம்பகால அமெரிக்க இலக்கியம்: எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறேன். அமெரிக்க இலக்கியத் தாளின் முதல் அலகில் கவனன்ட், டைப்பாலஜி, ஜெரமையாட், டீயிசம் என்று ஏகப்பட்ட கலைச்சொற்கள். விளக்கங்களை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் நூலைத் திறந்தால் எதையும் எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: எல்லாச் சொற்களையும் ஒரே வரிசையில் நிறுத்திப் படிப்பதுதான் சிக்கல். கவனன்ட், அதாவது உடன்படிக்கை, டீயிசம் தவிர மற்றவற்றைப் புரிந்துகொள்ளத் திறவுகோல். அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

1630-இல் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்களின், அதாவது கண்டிப்பான ஆங்கிலேயப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின், தலைவர் ஜான் வின்த்ரப். தாங்கள் கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்டு வந்தவர்கள், அதைக் காத்தால் ஆசி, மீறினால் தண்டனை என்பது அவருடைய புகழ்பெற்ற உரையின் சாரம். ‘மலைமேல் நகரம்’ என்ற தொடர் அதில்தான் வருகிறது. பலர் அதைப் பெருமிதமாக விளக்குகிறார்கள். முழு உரையையும் படித்தால் அது எச்சரிக்கை என்பது புரியும். எல்லோர் கண்ணும் நம்மேல் இருக்கிறது, தவறினால் ஊர் சிரிக்கும் என்கிறார்.

இதிலிருந்தே ஜெரமையாட் பிறக்கிறது. வறட்சியோ போரோ வந்தால், உடன்படிக்கையை மீறியதற்குக் கிடைத்த அடி என்று போதகர் மக்களைக் கடிந்துகொள்வார். திருந்தினால் மீட்பு உண்டு என்று முடிப்பார். எரேமியா தீர்க்கதரிசியின் பெயரால் அமைந்த சொல் அது. டைப்பாலஜியும் இதோடு சேர்ந்தே வருகிறது. பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள் கிறிஸ்துவை முன்குறிப்பவை என்பது அதன் மூலப்பொருள். பியூரிட்டன்கள் அதைத் தங்கள் வரலாற்றுக்கும் நீட்டினார்கள்: தாங்களே இஸ்ரவேலர், தாங்கள் கடந்த அட்லாண்டிக்கே செங்கடல்.

இனி ஒரு நூலில் வைத்துப் பாருங்கள். என் தேர்வு, 1682-இல் வெளியான மேரி ரோலண்ட்சனின் சிறைவாசக் கதை. பூர்வகுடிகளுக்கும் குடியேறிகளுக்கும் நடந்த போரில், 1676 பிப்ரவரியில், லங்காஸ்டர் ஊரிலிருந்து அவர் பிடித்துச் செல்லப்பட்டார். காயம்பட்ட ஆறு வயது மகள் வழியிலேயே இறந்துபோகிறாள். பசியையும் நெடும்பயணத்தையும் அவர் எளிய நடையில், இடம்பெயர்ந்த வரிசைப்படி எழுதுகிறார். ஒவ்வொரு துன்பத்துக்கும் ஒரு பைபிள் வசனத்தைத் தேடுகிறார். எதிரிக்குக் காட்டில் உணவு கிடைப்பதைக்கூட, தம் மக்களைத் தண்டிக்கக் கடவுள் செய்த ஏற்பாடாகவே காண்கிறார். உடன்படிக்கை, டைப்பாலஜி, ஜெரமையாட் மூன்றும் இங்கே ஒன்றாக நடமாடுகின்றன.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பூர்வகுடித் தலைவர் மெட்டகமின் மகனுக்கு ரோலண்ட்சன் சட்டை தைத்துக் கொடுத்து ஒரு ஷில்லிங் கூலி வாங்குகிறார். வசதியாக வாழ்ந்தபோது அருவருத்திருக்கக்கூடிய உணவு, பசியில் இனிக்கிறது. அவருடைய இறையியல் பூர்வகுடிகளைக் கடவுளின் சாட்டையாக மட்டுமே பார்க்கச் சொல்கிறது. அவர் எழுதிய விவரங்களோ அவர்களை மனிதர்களாகக் காட்டிவிடுகின்றன. தேர்வில் இந்த முரணை எழுதுங்கள். மனப்பாட விளக்கத்தைவிட இதற்கு எடை அதிகம்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸின் புகழ்பெற்ற 1741 பிரசங்கத்தையும், சுயசரிதையில் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் 13 நற்பண்புகளைக் குறிப்பேட்டில் கட்டம் போட்டுக் கண்காணித்த பகுதியையும் அடுத்தடுத்துப் படியுங்கள். இரண்டிலும் இருப்பது தன்னைத் தானே சோதிக்கும் பழக்கம்தான். எட்வர்ட்ஸுக்குக் கடவுளின் கிருபை இல்லாமல் மீட்சியில்லை. பிராங்க்ளின் தன் முயற்சியை நம்புகிறார். உலகைப் படைத்த கடவுள் அதன் அன்றாட ஓட்டத்தில் தலையிடுவதில்லை என்னும் டீயிசம் பரவிய காலம் அது.

பிலிஸ் வீட்லியை விட்டுவிடாதீர்கள். அடிமையாக இருந்தபோதே, 1773-இல் லண்டனில் அவருடைய கவிதை நூல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதைப் பற்றிய அவரது எட்டுவரிக் கவிதை, கறுப்பர்களுக்கும் மீட்பில் இடமுண்டு என்று கிறிஸ்தவர்களுக்கே நினைவூட்டுகிறது.

பயிற்சிக்கு, 1666-இல் தன் வீடு எரிந்தது பற்றி ஆன் பிராட்ஸ்ட்ரீட் எழுதிய கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள் தந்தார், கடவுளே எடுத்தார் என்று அவர் தேற்றிக்கொள்ளும் வரிகளையும், எரிந்துபோன மேசையையும் பெட்டியையும் நினைத்து ஏங்கும் வரிகளையும் தனித்தனியே கோடிட்டு, எந்த வரிக்கு எந்தக் கலைச்சொல் பொருந்துகிறது என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள்.