டாக்டரிடம் கேளுங்கள்: பி.பி. பட்டணத்து நோயா?

கேள்வி: வயது 48. நாள் முழுக்க வயல் வேலை. சென்னையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் தம்பிக்கு பி.பி. வந்ததில் ஆச்சரியமில்லை. ஊர் முகாமில் எனக்கும் 158/96 என்கிறார்களே, எப்படி?
- வாசகர், மன்னார்குடி

பதில்: உழைப்பு உடல் எடையைக் கட்டுக்குள் வைக்கும், உப்புக்கு அது மருந்தல்ல. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கணக்குப்படி, நகரத்தில் மூன்றில் ஒருவருக்கும் கிராமத்தில் நான்கில் ஒருவருக்கும் உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. பெரிய வித்தியாசம் அடுத்த கணக்கில்தான். பி.பி. உள்ளவர்களில், அது தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் நகரத்தில் 42 சதவீதம், கிராமத்தில் 25. கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நகரத்தில் ஐந்தில் ஒருவர், கிராமத்தில் பத்தில் ஒருவர். முகாமில் தெரிய வந்ததே உங்களுக்கு நல்லது.

தம்பிக்கு உட்கார்ந்த வேலை, கெட்ட தூக்கம், ஓட்டல் சாப்பாடு. உங்களுக்குப் பழைய சோற்றோடு ஊறுகாய், கருவாடு, அப்பளம். வியர்வையில் உப்பு போகிறதே என்பீர்கள். போகிறதுதான்; ஆனால் வேலை இல்லாத மாதங்களிலும் அதே ஊறுகாய்தானே? ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஊறுகாயும் கருவாடும் தனியாக உப்பைக் கொண்டுவருவதால், அரை கிலோ பாக்கெட் ஒன்றோடு மாதத்தை ஓட்டப் பாருங்கள்.

உடம்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறீர்களா? கிராமத்தில் பலர் சொல்லாமல் விடுவது இதைத்தான். அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பி.பி. மாத்திரையின் பலனையும் குறைக்கும்.

ஒரே ஒரு அளவை வைத்து நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி பாருங்கள். மாத்திரை தேவைப்பட்டால் அங்கேயே இலவசம். தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும்.

கேள்வி: அம்மாவுக்கு கிளினிக்கில் 150, வீட்டு மெஷினில் 134. எதை நம்புவது?
- வாசகி, கோவை

பதில்: பார்த்த விதம் சரியென்றால் வீட்டு அளவையே நம்பலாம். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை மேசை மேல், கையில் சுற்றும் மெஷின் பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் 10 புள்ளி வரை கூடும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை சுற்றினாலும் கூட்டித்தான் காட்டும். சட்டைக் கை மேல் சுற்றவே கூடாது.

காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் 1 நிமிடம் இடைவெளி. இப்படி 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85, கிளினிக்கில் 140/90. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ அதிகம். 180/120-க்கு மேல் போய், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: இந்துப்புக்கு மாறினால் பி.பி. குறையுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: குறையாது. கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு வேறு வகை. அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பி.பி.க்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்ட்டன் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.