மருத்துவர்கள் மீது வழக்குப் போடுகிறவர்கள் பணத்துக்காகத்தான் போடுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. ஒரு மருத்துவமனையில் புகார்களைக் கேட்டுப் பதிவு செய்யும் பிரிவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே பணத்தைப் பற்றிப் பேசியவர்கள் அங்கே அபூர்வம்.

ஒரு பெண் வந்தார். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் இரவு அவருடைய அம்மா இறந்துபோயிருந்தார். கேஸ் ஷீட் நகலில் ஓரிடத்தில் விரலை வைத்து, "பதினோரு மணிக்கு மூச்சுத் திணறல்னு எழுதியிருக்கு. அடுத்த குறிப்பு ரெண்டு மணிக்குத்தான். நடுவுல அம்மாவை யார் பார்த்தாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது. பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒருவரும் அவரைச் சந்திக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் அவசரமாகக் கூடிப் பேசினார்கள்.

1994-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு வெளிவந்தது. சட்ட நடவடிக்கையில் இறங்கிய 227 நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் காரணம் கேட்டிருந்தார்கள். நடந்தது என்ன என்று தெரிய வேண்டும், யாராவது பொறுப்பேற்க வேண்டும், இன்னொருவருக்கு இப்படி நடக்கக் கூடாது என்பவையே திரும்பத் திரும்ப வந்தன. இழப்பீடும் ஒரு காரணம்தான். அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிரசவத்தில் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு ஆயுள் முழுக்கப் பராமரிப்பு வேண்டும். அந்தச் செலவைப் பெற்றோர் எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

சரி, சட்டம் என்ன பார்க்கிறது? சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் அலட்சியம் ஆகாது. மருத்துவருக்கு அந்த நோயாளியிடம் கடமை இருந்தது, அதில் தவறினார், நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டது, அந்தப் பாதிப்பு அந்தத் தவறால்தான் வந்தது என்று நான்கையும் நிரூபிக்க வேண்டும். பல வழக்குகள் நான்காவதில்தான் விழுகின்றன. சரியான நேரத்தில் பார்த்திருந்தாலும் அந்த அம்மா பிழைத்திருக்க மாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். இங்கிலாந்தில் 1957-ல் வந்த போலம் தீர்ப்பு, பொறுப்புள்ள சக மருத்துவர்கள் ஏற்கும் முறையில் சிகிச்சை தந்திருந்தால் அது அலட்சியமல்ல என்றது. 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில், ஆபத்துகளை எடுத்துச் சொல்லும் விஷயத்தில் அந்த அளவுகோல் போதாது, நோயாளி எதை முக்கியமாகக் கருதுவார் என்று பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நியூயார்க் மருத்துவமனைகளின் 1984-ஆம் ஆண்டுப் பதிவேடுகளை வைத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டது என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வழக்குத் தொடுக்கவில்லை. தொடுக்கப்பட்ட வழக்குகள் பலவற்றிலோ, பதிவேட்டில் அலட்சியமே தென்படவில்லை. யாரும் விளக்கம் சொல்லாதபோது, தவறு நடந்ததா இல்லையா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? வழக்குப் போட்டால்தான் ஆவணங்கள் வெளியே வரும் என்ற நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

மன்னிப்புக் கேட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று மருத்துவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் தவறுகளைத் தானே முன்வந்து சொல்லி, இழப்பீடும் தர ஆரம்பித்த பிறகு, அங்கே வழக்குகளின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அதனால் மட்டுமே குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பயந்தபடி கூடவில்லை என்பது நிச்சயம்.

உங்களுக்கே இப்படி ஒரு சந்தேகம் இருந்தால், முதலில் முழு கேஸ் ஷீட் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். அப்புறம் அதே துறையைச் சேர்ந்த, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்குத் தொடுக்கக் காலக்கெடு உண்டு, நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவமனையின் பதிலுக்குக் காத்திருக்கும்போதே ஒரு வக்கீலிடம் அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.